போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர்: வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும்

தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவியான சாஃப்ட்னரை விற்க வீட்டுக்கு வருபவர் பையிலிருந்து முதலில் எடுப்பது பேனா வடிவ டிடிஎஸ் மீட்டரைத்தான். உங்கள் குழாய்த் தண்ணீரில் அதை முக்குவார். 1,400 என்று காட்டும். "பாருங்கள் சார், எவ்வளவு உப்பு!" என்பார். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் விற்க வந்திருக்கும் கருவி அந்த எண்ணைக் குறைக்கவே குறைக்காது. சாஃப்ட்னர் மாட்டிய மறுநாள் அதே மீட்டரை முக்கினால் 1,400 அப்படியே நிற்கும். கொஞ்சம் கூடியும் இருக்கலாம்.

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. கடினத்தன்மை என்பது அந்த மொத்தத்தில் கால்சியம், மெக்னீசியம் ஆகிய இரண்டின் பங்கு மட்டும். சாஃப்ட்னர் எடுப்பது இந்த இரண்டைத்தான். வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது, ஷவர் துளைகள் அடைத்துக்கொள்கின்றன, கீசர் வரவர மெதுவாகச் சுடுகிறது, குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு மசியவில்லை என்றால் குற்றவாளி கடினத்தன்மை. வாயில் வைத்தால் கரிக்கிறது என்பது வேறு நோய். அதற்கு சாஃப்ட்னர் மருந்தாகாது.

கோவை, திருப்பூர்ப் பக்கத்தில் சப்பைத் தண்ணீர் என்று சொல்லும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பெரும்பாலும் இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கும். அதே தெருவில் சில நாளுக்கு ஒரு முறை சிறுவாணி போன்ற ஆற்றுக் குடிநீரும் வரும். குடிக்க ஒன்று, குளிக்கவும் துவைக்கவும் மற்றொன்று என்று வீட்டுக்குள் இரண்டு தண்ணீர் ஓடும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது தண்ணீரைப் பற்றியது.

அளக்காமல் எதையும் வாங்க வேண்டாம்

கடினத்தன்மை சோதனைக் கிட் என்று கேட்டால் தண்ணீர்ச் சுத்திகரிப்புப் பொருள்கள் விற்கும் கடையில் கொடுப்பார்கள். விலை பெரிதில்லை. ஆய்வக அறிக்கையே வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். முதல் முறை ஆய்வகத்தில் கொடுத்து இரும்பு, டிடிஎஸ், கடினத்தன்மை மூன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. அதன் பிறகு ஆண்டு முழுவதும் கிட்டே போதும்.

மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நேராகக் குழாயிலிருந்து தண்ணீரைப் பிடியுங்கள். கிட்டில் உள்ள சிறு குப்பியில் கோடு வரை நிரப்பி, முதல் திரவத்தை விடுங்கள். அமோனியா வாடை மூக்கில் ஏறும், அது இயல்பு. அடுத்து நிறங்காட்டியைச் சேர்த்தால் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறும். இனி மூன்றாவது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியைச் சுழற்ற வேண்டும். வெகுநேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு ஊதா எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. இன்னும் ஓரிரு சொட்டில், சிவப்பின் சாயல் துளியும் இல்லாத தெளிந்த நீலம் வரும். அதுவரை விட்ட சொட்டுகளைக் கிட்டின் அட்டையில் சொல்லியிருக்கும் எண்ணால் பெருக்கினால் பிபிஎம் கணக்கு கிடைக்கும். ஒரு பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். கால்சியமும் மெக்னீசியமும் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக் கணக்கிடப்படுகின்றன. சொட்டுகள் முடிவில்லாமல் போனால், பாதி உங்கள் தண்ணீர், பாதி டிஸ்டில்டு வாட்டர் என்று கலந்து சோதித்து விடையை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500, 2012) கடினத்தன்மைக்கு 200 பிபிஎம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. என் கணக்கு இப்படி: 200க்குக் கீழே இருந்தால் சாஃப்ட்னர் வீண் செலவு. 200 முதல் 300 வரை கீசரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் அவ்வப்போது சுத்தம் செய்தால் சமாளித்துவிடலாம். 300க்கு மேல் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. கடினத்தன்மை 1,000ஐத் தாண்டி டிடிஎஸ்ஸும் 2,000க்கு மேல் போனால், சாஃப்ட்னர் வேலை செய்யும், ஆனால் உப்பு மூட்டை சுமந்தே நீங்கள் களைத்துப்போவீர்கள். அத்தனை சோடியம் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரில் கடினத்தன்மை முழுவதும் போகாமல் கொஞ்சம் கசியவும் செய்யும்.

ஒரே கிணற்றிலும் எண் நிலையாக நிற்காது. மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒரு முறை என்று இரண்டு தடவை அளந்து, பெரிய எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். லாரித் தண்ணீர் வாங்கும் வீடு என்றால் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து லோடுக்கு லோடு மாறும்.

உள்ளே என்னதான் நடக்கிறது

சாஃப்ட்னர் என்பது ஆளுயரத்தில் பாதி நிற்கும் ஓர் உருளை. ஃபைபரால் ஆன அந்த வெசலுக்குள் ரவைப் பருமனில் தேன் நிற மணிகள் இருக்கும். இதுதான் ரெசின். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த இந்த மணிகளின் உடம்பு முழுக்க எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள் உண்டு. புதிதாக வாங்கும்போது ஒவ்வோர் இடத்திலும் ஒரு சோடியம் உட்கார்ந்திருக்கும். கடினநீர் மேலிருந்து கீழே இறங்கும்போது, இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ரெசின் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு சோடியத்தை விட்டுக்கொடுக்கிறது. வடிகட்டுவது என்று இதைச் சொல்ல முடியாது. எதுவும் சல்லடையில் தங்குவதில்லை. ஆள் மாற்றம் மட்டுமே நடக்கிறது. டிடிஎஸ் குறையாததன் காரணமும் இதுதான்.

எல்லா இடத்திலும் கால்சியம் நிரம்பிவிட்டால் ரெசின் கை விரித்துவிடும். அப்போது செறிவான உப்புக் கரைசலை உள்ளே விட வேண்டும். சாதாரண ஓட்டத்தில் சோடியத்தைவிடக் கால்சியத்துக்கே ரெசினில் செல்வாக்கு அதிகம் என்றாலும், உப்புக் கரைசலில் சோடியம் கூட்டம் கூட்டமாக வருவதால் கால்சியம் இடத்தைவிட்டு எழுந்தாக வேண்டும். வெளியேறிய கால்சியமும் மெக்னீசியமும் மிச்ச உப்பும் சாக்கடைக்குப் போகும். ரெசின் பழைய நிலைக்குத் திரும்பும். இதற்குத்தான் ரீஜெனரேஷன் என்று பெயர். கடைக்காரர்கள் சுருக்கமாக "ரீஜென்" என்பார்கள்.

இந்த ஆள் மாற்றத்தை முதலில் கவனித்தது தண்ணீர்த் துறையினர் அல்லர். 1850இல் இங்கிலாந்தின் வேளாண் ஆய்வாளர்களான தாம்சனும் வேயும், அமோனியம் உப்புக் கரைசலை வயல் மண் வழியே இறக்கினால் அடியில் கால்சியம் உப்பு வெளிவருவதை எழுதிவைத்தார்கள். வயல் மண்ணும் ரெசினும் ஒரே தொழில் செய்கின்றன. சாஃப்ட்னரின் கழிவுநீரைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி தேவைப்படும்.

செலவு செய்யும் முன் சில மாற்றுவழிகள்

சிறுவாணி, மேட்டூர், நெம்மேலி போன்ற இடங்களிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே வீட்டுக்குப் போதுமான அளவு கிடைக்கிறது என்றால் சாஃப்ட்னரை மறந்துவிடுங்கள். மழைநீர் கடினத்தன்மை அற்றது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் குழாய் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மொட்டைமாடி நீரை வடிகட்டிக் கீழ்த்தொட்டியில் விட்டு போர் தண்ணீரோடு கலந்தாலே மழைக்கால மாதங்களில் கடினத்தன்மை பாதியாகக்கூடக் குறையும். கீசரை 50 முதல் 55 டிகிரியில் வைத்தால் படிவு குறையும். தண்ணீர் சூடாக ஆக பைகார்பனேட் கார்பனேட்டாகப் பிரிந்து காயிலில் ஒட்டுவது கூடுகிறது.

குழாய் முனையில் திருகும் சிறு ஃபில்டர்கள் பற்றி ஒரு கணக்கு. ஒரு லிட்டர் ரெசின் ஒரு முறைக்கு ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். ஷவர் ஃபில்டருக்குள் 200 மில்லி ரெசின் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம்: 10 கிராம். உங்கள் தண்ணீர் 600 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 0.6 கிராம். பத்தை 0.6ஆல் வகுத்தால் சுமார் 17 லிட்டர். ஒரு வாளி! அதன்பிறகு அது அலங்காரப் பொருள். முடி கொட்டுவது நிற்கும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். குழாயைச் சுற்றிக் கம்பி கட்டும் மின்காந்தக் கருவிகளும் கால்சியத்தை எடுப்பதில்லை. படிவு ஒட்டாமல் தடுக்கும் என்பதுதான் அவற்றின் வாக்குறுதி. அதற்கான சான்றுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. கிட்டால் சோதித்தால் முன்னும் பின்னும் ஒரே எண்தான் வரும்.

எவ்வளவு பெரியது வேண்டும்

விற்பனையாளர் "மூன்று படுக்கையறை வீடா? இந்த மாடல் எடுங்கள்" என்பார். படுக்கையறைகளுக்கும் ரெசினுக்கும் சம்பந்தமில்லை. பார்க்க வேண்டியவை நான்கு: கடினத்தன்மை, ஒரு நாள் தண்ணீர்ச் செலவு, ரெசின் எத்தனை லிட்டர், மோட்டார் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது.

கோவையில் நான்கு பேர் வசிக்கும் வீடு, கடினத்தன்மை 600 என்று கொள்வோம். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். ஆக 540 லிட்டர், அதில் 324 கிராம் கடினத்தன்மை. 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் பிடிக்கும். கிட்டத்தட்ட நான்கு நாளுக்கு ஒரு முறை ரீஜென் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் லிட்டர் ரெசினுக்கு 120 கிராம் வீதம் 3 கிலோ உப்பு. மாதம் எட்டு முறை, 24 கிலோ.

இப்போது இதே வீட்டில் கழிவறை ஃப்ளஷ், தோட்டம், வாசல் தெளிப்பது ஆகியவற்றைப் பழைய தண்ணீரிலேயே விட்டு, குளியலறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் பாத்திரம் கழுவுமிடத்துக்கும் மட்டும் மென்னீர் (சாஃப்ட்னர் வழியே வந்த தண்ணீர்) கொடுத்தால் 300 லிட்டர் போதும். நாளுக்கு 180 கிராம். ஏழு நாள் வரும். கடைசி நாளில் கசிவு வராமல் இருக்க ஆறாம் நாளே ரீஜென் செய்தால் மாதம் ஐந்து முறை, 15 கிலோ உப்பு. மேல்தொட்டி இரண்டாக, குழாய் இரண்டாக இருப்பதற்கு ஆகும் பிளம்பர் செலவை இந்தச் சேமிப்பு மெல்ல ஈடுகட்டிவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் இரண்டு லைன் போடாமல் சுவர் பூசவே கூடாது என்பேன்.

உப்பை அள்ளிப் போட்டால் ரெசின் இன்னும் அதிகம் உழைக்கும் என்பது பாதி உண்மை. லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் உப்பு போட்டால் 46 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் திறன் கிடைக்கும். 240 கிராம் போட்டால் 68தான் கிடைக்கும். உப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஏறியும் பலன் ஒன்றரை மடங்குதான். 120 கிராமில் நிற்பது சிக்கனம்.

நான்காவது விஷயமான வேகத்தைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மணியும் தண்ணீரும் பேசிக்கொள்ள நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் ரெசின் கொள்ளளவைப் போல் 40 மடங்குக்குமேல் தண்ணீர் பாயக் கூடாது. 20 மடங்கு என்றால் நிம்மதி. 25 லிட்டர் ரெசினுக்கு மணிக்கு 500 முதல் 1,000 லிட்டர். நம் வீட்டு மோட்டார்களோ மணிக்கு 2,000 லிட்டரைச் சாதாரணமாகத் தள்ளும். அந்த வேகத்தில் கால்சியம் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும். வாங்கிய மாதத்திலேயே "சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்: ஒரு வாளியை வைத்துக் கடிகாரம் பார்த்து நிரப்புங்கள், மணிக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும்.

எங்கே வைப்பது

மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வைக்க நினைப்பவர்கள் உண்டு. மூன்று மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தம் 0.3 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). உப்புக் கரைசலை உறிஞ்சும் எஜெக்டர் வேலை செய்ய 1.5 பாராவது வேண்டும். எனவே நல்ல ஏற்பாடு இது: போர் மோட்டார் கீழ்த்தொட்டியை நிரப்பட்டும். கீழ்த்தொட்டியிலிருந்து ஒரு சிறு மோட்டார், சாஃப்ட்னர் வழியாக மென்னீருக்கென்று தனியாக வைத்த மேல்தொட்டிக்கு ஏற்றட்டும். மணல், மண் துகளில் பெரும்பகுதி கீழ்த்தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது கூடுதல் லாபம்.

சாஃப்ட்னருக்கு முன்னால் மணல் ஃபில்டர் அவசியம். கிணற்றில் இரும்பு இருந்தால் இரும்பு நீக்கும் ஃபில்டரும் வேண்டும். பிடித்தபோது தெளிவாக இருந்து, ஓரிரு மணி நேரத்தில் மஞ்சளாகிச் செம்பழுப்பு வண்டல் படிந்தால் அது இரும்பு. ரெசின் மணியை இரும்பு ஒரு முறை பூசிவிட்டால் வெறும் உப்புக் கரைசலில் சுலபமாகப் போகாது. இன்னொன்று, சாஃப்ட்னருக்குள் போகாமல் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு. பழுதானாலும் ரீஜென் நடந்தாலும் வீட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. வெயில் நேராக விழாத இடமாகவும் பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் இருக்கும் இடமாகவும் பாருங்கள். உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டியிராத இடம் என்றால் இன்னும் நல்லது.

உப்பு

சமையலறைத் தூள் உப்பு வேண்டாம். கட்டிபிடிக்கும், விலையும் அதிகம். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கத்துக் கல்லுப்பே போதும். ஆனால் கழுவிய, வெள்ளையான உப்பாக இருக்க வேண்டும். கைப்பிடி உப்பை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். அடியில் சேறு படிந்தால் அது ரெசினுக்குள்தான் போய்ச் சேரும். கடலுப்பில் மெக்னீசியம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரம் கசியும் மூட்டையில் அது அதிகம். எதை வெளியேற்ற உப்பு போடுகிறோமோ அதையே உள்ளே அனுப்பினால் என்ன பயன்? தானியங்கிச் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் மாத்திரை வடிவ உப்பு வாங்கலாம். விலை கூடினாலும் தொட்டி கழுவும் வேலை குறையும்.

ரீஜென் செய்யும் முறை

தானியங்கி வகையில் நேரமோ தண்ணீர் அளவோ வைத்துவிட்டால் தானாக நடக்கும். தண்ணீர் அளவை வைத்து ஓடும் வகையே நல்லது. ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் உப்பை வீணாக்காது. ஒரே கைப்பிடியில் பல நிலைகள் கொண்ட, கையால் திருப்பும் மல்டிபோர்ட் வால்வு வகைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கைப்பிடியைத் திருப்பும் முன் ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்த வேண்டும். அழுத்தத்தோடு திருப்பினால் உள்ளிருக்கும் ரப்பர் கேஸ்கட் கிழிந்துபோகும்.

முந்தின இரவே 3 கிலோ உப்பை 10 லிட்டர் தண்ணீரில் போட்டுக் கலக்கி வையுங்கள். காலையில் தெளிந்திருக்க வேண்டும்.

முதலில் பேக்வாஷ். தண்ணீர் கீழிருந்து மேலே போய் மணிகளைக் கிளப்பிவிடும், இறுகிய படுகை தளரும், அழுக்கு சாக்கடைக்குப் போகும். பத்து நிமிடம், அல்லது வெளிவரும் நீர் தெளியும்வரை. அந்த நீரை ஒரு வெள்ளை டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தேன் நிற மணிகள் தென்பட்டால் வேகம் அதிகம், வால்வைக் குறையுங்கள். உங்கள் காசு சாக்கடையில் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்து உப்புக் கரைசல். எஜெக்டர் வழியே அது தண்ணீரோடு கலந்து ஏறத்தாழ 10 சதவீதச் செறிவில் ரெசினை அடையும். இங்கே அவசரம் கூடாது. அரை மணி நேரமாவது மெல்ல இறங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் உறிஞ்சி முடித்துவிட்டால் கரைசல் ரெசினுக்குள் தங்கவில்லை என்று பொருள். தொட்டியில் மட்டம் இறங்கவே இல்லையென்றால், பெரும்பாலும் எஜெக்டரின் சிறு துளையில் மண் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவினால் சரியாகும். உப்பு தீர்ந்ததும் அதே மெதுவான வேகத்தில் இன்னும் கால் மணி நேரம் வெறும் தண்ணீர் போகட்டும். உள்ளே மிச்சமிருக்கும் கரைசலைத் தள்ளி முழு வேலையும் வாங்குவது இதுதான்.

கடைசியில் வேகமான அலசல், ஐந்து முதல் பத்து நிமிடம். எப்போது நிறுத்துவது? அந்த டிடிஎஸ் மீட்டருக்கு இங்கேதான் உண்மையான வேலை வருகிறது. சாக்கடைக்குப் போகும் நீரின் டிடிஎஸ், போர் தண்ணீரின் டிடிஎஸ்ஸுக்கு அருகே இறங்கிவிட்டால் மிச்ச உப்பு போய்விட்டது. அப்புறம் கிட்டை எடுத்து முதல் திரவத்தையும் நிறங்காட்டியையும் விடுங்கள். மூன்றாவது திரவம் ஒரு சொட்டும் விடாமலேயே நீலமாக நின்றால் வால்வைச் சர்வீஸ் நிலைக்கு, அதாவது வழக்கமான ஓட்டத்துக்கு, திருப்பலாம். சிவந்தால் கரைசல் சரியாகப் போகவில்லை.

அந்தக் கழிவுநீரை எங்கே விடுவது

ஒரு ரீஜெனுக்கு 150 முதல் 250 லிட்டர் தண்ணீர் வெளியேறும். இதை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுபவர்களை நிறையப் பார்க்கலாம். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் மண்ணும் ரெசின்போலவே அயனிகளை மாற்றிக்கொள்கிறது. உப்புக் கரைசலை ஊற்ற ஊற்ற, களிமண் துகள்களில் இருந்த கால்சியத்தைச் சோடியம் வெளியேற்றும். மண் இறுகும், தண்ணீர் இறங்காது, வேர் மூச்சுத் திணறும். விவசாயிகள் களர் நிலம் என்பது இதைத்தான். அதைச் சரிசெய்ய அவர்கள் போடும் ஜிப்சம், கால்சியத்தைத் திரும்பக் கொண்டுவந்து சோடியத்தை வெளியேற்றும் முறை. வயலுக்குச் செய்கிற ரீஜென் என்றே சொல்லலாம், திசை மட்டும் எதிர்.

எனவே உப்பு போகும் கட்டத்தின் நீரும் அதை அடுத்த அலசல் நீரும் பாதாளச் சாக்கடைக்குத்தான் போக வேண்டும். மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விட்டால் அடுத்த ஆண்டு உங்கள் கிணற்றிலிருந்தே அதை இறைப்பீர்கள். முதல் பத்து நிமிட பேக்வாஷ் நீரில் உப்பில்லை. அதைப் பிடித்து வாசல் கழுவலாம், ஃப்ளஷுக்கு வைக்கலாம். பாதாளச் சாக்கடையே இல்லாத, செப்டிக் டேங்கும் தோட்டமும் மட்டும் உள்ள வீடுகளில் சாஃப்ட்னரை நான் பரிந்துரைப்பதில்லை. வேறு வழியில்லை என்றால் மென்னீர்ப் பயன்பாட்டைக் குளியலறையோடு நிறுத்துங்கள்.

குடிக்கலாமா

ஒவ்வொரு 100 பிபிஎம் கடினத்தன்மைக்கும் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் சேரும். நம் 600 பிபிஎம் வீட்டில் 276 மில்லிகிராம், ஏற்கெனவே தண்ணீரில் இருக்கும் சோடியம் தனி. சுமார் 200 மில்லிகிராமிலேயே நாக்குக்குச் சுவை மாறத் தொடங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் சம்பந்தமாக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும், புட்டிப்பால் கலக்கவும் இது கூடாது. சமையலுக்கும் குடிக்கவும் குழாய்த் தண்ணீரோ ஆர்ஓ நீரோ இருக்கட்டும். ஆர்ஓ இயந்திரத்துக்கு மென்னீரை ஊட்டினால் அதன் மெம்பரேன் படிவில்லாமல் நீண்ட நாள் வரும். சேர்ந்த சோடியத்தில் பெரும்பகுதியையும் அதுவே எடுத்துவிடும்.

மறுபக்கம், கடினநீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று சொல்லி சாஃப்ட்னர் விற்பதும் நடக்கிறது. கடினத்தன்மையால் மனிதருக்கு உடல்நலக் கேடு என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தக் கருவி குழாய்க்கும் கீசருக்கும் துணிக்கும் வாங்குவது. பயமுறுத்தி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

மாட்டிய பிறகு

முதல் குளியலில் சோப்பு உடம்பைவிட்டுப் போகவே இல்லை என்று தோன்றும். வழக்கமான அளவில் பாதி சோப்பு போட்டுப் பாருங்கள். துணி துவைக்கும் பவுடரையும் பாதியாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கக் கதவு இயந்திரத்தில் நுரை பொங்கும்.

பழைய படிவு உடனே கரையாது. கீசரை ஒரு முறை ஆள் வைத்துத் திறந்து காயிலைச் சுத்தம் செய்து, அப்படியே, கீசர் தொட்டி துருப்பிடிக்காமல் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் ஆனோடு ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். மென்னீரில் அது சீக்கிரம் தேயக்கூடும். டைல்ஸ், ஷவர் வெள்ளைக்கு வினிகரோ எலுமிச்சையோ நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்தால் போதும். மார்பிள் தரையில் இவை படக் கூடாது. குளியலறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வாரம் ஒரு முறை மென்னீரில் நிறங்காட்டிச் சோதனை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உப்புத் தொட்டியைக் காலிசெய்து அடிச்சேற்றைக் கழுவுவது. ரீஜென்களுக்கு இடையே கிடைக்கும் லிட்டர் கணக்கைச் சுவரிலேயே பென்சிலால் குறித்துவாருங்கள். உப்பும் வேகமும் சரியாக இருந்தும் அந்த எண் ஆண்டுக்காண்டு இறங்கினால் ரெசின் தேய்ந்திருக்கிறது அல்லது இரும்பு பூசியிருக்கிறது. நல்ல தண்ணீரில் ரெசின் பத்தாண்டுகூட வரும். குளோரின் கலந்த தண்ணீர் ஓடினால் ஆயுள் குறையும்.

இரண்டு வாரத்துக்குமேல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், தேங்கிய ரெசினில் கிருமிகள் வளரும். திரும்பியதும் பேக்வாஷ் செய்து ஒரு முழு ரீஜென் முடித்து, மேல்தொட்டியிலிருக்கும் பழைய நீரைத் திறந்துவிட்ட பிறகு குளிக்கப் போங்கள்.